ஆயுத பூஜையும் ஒரு பழைய பிஸ்டலும்



நம் சங்க மலரில் நான் இதுவரை எழுதியவை எல்லாம் ரயில் பெட்டிகளையும் பிரேக்குகளையும் பற்றியவை. இந்த முறை ஆசிரியர் குழுவினர், "இளைஞர்களும் பெரியவர்களும் சேர்ந்து படிக்கும்படி ஓர் இயந்திரப் பாடம் எழுதுங்கள்" என்று கேட்டார்கள். உள்ளங்கையில் அடங்கும் ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். செமி-ஆட்டோமேடிக் பிஸ்டல் என்று சொல்லப்படும் கைத்துப்பாக்கிதான் அது.

"இவருக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். வேலூரில் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்த சில ஆண்டுகளில், ரயில்வே ஊழியர்களுக்கான டெரிடோரியல் ஆர்மிப் பிரிவில் சேர்ந்தேன். ஆண்டுக்கு ஒரு மாதம் முகாம். அங்கே பிஸ்டலைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொடுத்தார்கள். மற்ற பதினொரு மாதமும் திருப்பதி கேரேஜ் ரிப்பேர் ஷாப்பில் ஸ்பிரிங்குகளோடும் பேரிங்குகளோடும்தான் வாழ்க்கை. ஆனால் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தப் பயிற்சி அல்ல. சென்ற ஆண்டு ஆயுத பூஜையன்று சித்தூரில் ஒரு வீட்டில் நடந்த சம்பவம்.

பூஜை அலமாரியில் இருந்தது

சித்தூரில் வெல்ல மண்டி வைத்திருந்த ஒரு பெரியவரை நான் அண்ணன் என்றே அழைப்பேன். அவர் வீட்டுக்காரம்மா எனக்கு அண்ணி. கிராமம் கிராமமாகப் பணம் எடுத்துச் சென்று வெல்லம் கொள்முதல் செய்தவர் என்பதால், அண்ணன் முறையாக லைசென்ஸ் வாங்கி ஒரு பிஸ்டல் வைத்திருந்தார். அமெரிக்காவின் கோல்ட் கம்பெனி 1903-ல் வெளியிட்ட மாடல், .32 அளவு. அண்ணன் காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அண்ணி அந்தப் பிஸ்டலை எடுத்து, நல்லெண்ணெய் தடவித் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, தராசுக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் பக்கத்தில் வைப்பார். ஆண்டுதோறும் நானும் திருப்பதியிலிருந்து போய், சுண்டல் சாப்பிட்டுவிட்டு வருவேன். "பாருங்க தம்பி, உங்க அண்ணன் வச்சிருந்த மாதிரியே பளபளன்னு இருக்கு" என்பார் அண்ணி. நானும் ஆமாம் என்பேன்.

சென்ற ஆண்டு, பெங்களூரிலிருந்து வந்திருந்த பேரப்பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, ஒன்பது வயதுப் பையன் பிஸ்டலைக் கையில் எடுத்துத் தங்கையின் முகத்துக்கு நேராகப் பிடித்தான். நான் எழுந்துவிட்டேன். அண்ணி சிரித்தார்.

"பயப்படாதீங்க தம்பி. காலிதான். மேகசினை அவர் இருக்கும்போதே தனியா எடுத்து பீரோவில வச்சுட்டார்."

"கண்ணா, சுவரைப் பார்த்துத் திருப்பு. மெதுவா பாய் மேல வை" என்றேன். வைத்தான். அதன் முனை வெறும் சுவரை நோக்கி இருக்கும்படி விட்டு, யாரும் தொடக் கூடாது என்று சொல்லிக் கதவைச் சாத்தினோம்.

அன்று நடந்ததன் மீதிக் கதையைக் கட்டுரையின் கடைசியில் சொல்கிறேன். அது புரிய வேண்டுமானால் இந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அளவு என்றால் என்ன?

காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி வரும் பாதை ஒரு காலத்தில் மீட்டர் கேஜ். அதாவது தண்டவாளங்களுக்கு இடையே 1000 மி.மீ. இன்று அதே பாதை பிராட் கேஜ், 1676 மி.மீ. மீட்டர் கேஜ் பெட்டி எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும் பிராட் கேஜ் பாதையில் ஓடாது. கேஜை முடிவு செய்த பிறகுதான் பெட்டி, எஞ்சின், பாலம், பிளாட்பாரம் எல்லாம்.

துப்பாக்கியில் 'காலிபர்' அல்லது 'போர்' என்பது அப்படிப்பட்ட அடிப்படை அளவு. குழலின் உள்விட்டத்தை ஒட்டிய எண் அது. .32 என்றால் ஓர் அங்குலத்தில் நூறில் முப்பத்திரண்டு பங்கு. மெட்ரிக் கணக்கில் இதை 7.65 மி.மீ. என்று குறிப்பிடுவார்கள். .45 என்றால் சுமார் 11.4 மி.மீ. 9 மி.மீ. என்பது இரண்டுக்கும் இடையில்.

மாணவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. .32 பிஸ்டல் தோட்டாவின் குண்டு சுமார் 4.6 கிராம், வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 275 மீட்டர். 9 மி.மீ. குண்டு சுமார் 7.5 கிராம், 360 மீட்டர். .45 குண்டு சுமார் 15 கிராம், 255 மீட்டர். பள்ளியில் படித்த சூத்திரப்படி, எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இயக்க ஆற்றல் கிடைக்கும். .32-க்கு சுமார் 175 ஜூல். மற்ற இரண்டுக்கும் கிட்டத்தட்ட 485 ஜூல். வேகமான சிறு குண்டும் மெதுவான பெரிய குண்டும் ஆற்றலில் சமமாகிவிடுகின்றன! ஆனால் எடையை வேகத்தால் பெருக்கி உந்தம் கண்டால் .45-தான் முன்னே நிற்கும். கையில் உணரும் உதைப்பு உந்தத்தைப் பொறுத்தது. .45 பிஸ்டல் கையை உலுக்குவதும், .32 சாதுவாக இருப்பதும் இதனால்தான்.

அப்படியானால் எந்த அளவு சிறந்தது? அமெரிக்கப் பத்திரிகைகளில் இந்த விவாதம் நூறு ஆண்டுகளாக முடியவில்லை. நம் நாட்டில் சட்டமே அதை முடித்துவைத்திருக்கிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும், படைகள் பயன்படுத்தும் 9 மி.மீ. முதலான தோட்டாக்கள் பொருந்தும் கைத்துப்பாக்கிகளைத் 'தடைசெய்யப்பட்ட போர்' வகையில் வைத்துள்ளன. சாதாரணக் குடிமகன் அவற்றை வைத்திருக்க முடியாது. அதனால்தான் நம் ஊர்களில் லைசென்ஸ் உள்ளவர்களிடம் .32 அளவைப் பரவலாகப் பார்க்கிறோம். மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை .32 பிஸ்டல் செய்கிறது. கான்பூரில் .32 ரிவால்வர் செய்கிறார்கள்.

இங்கே ஒரு பெரிய எச்சரிக்கை. ரிவால்வரும் .32, பிஸ்டலும் .32 என்பதால் தோட்டாவும் ஒன்றே என்று நினைத்துவிடக் கூடாது. ரிவால்வர் தோட்டா நீளமானது; அதன் அடிப்பக்கத்தில் ஆணித்தலை போல அகன்ற விளிம்பு இருக்கும். பிஸ்டல் தோட்டா குட்டையானது. விளிம்பு உடலைவிட மயிரிழை மட்டுமே பெரியது. எண் ஒன்று, பொருள் வேறு. ஒரே பிராட் கேஜில் ஓடினாலும் எல்லாப் பெட்டியும் எல்லாச் சுரங்கத்திலும் நுழையாது அல்லவா? அதுபோலத்தான். தோட்டாப் பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள முழுப் பெயரும் துப்பாக்கிக் குழலில் பொறித்துள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அந்த அரை நொடிக்குள்

செமி-ஆட்டோமேடிக் என்றால் என்ன? விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு வெளியேறும். அடுத்த தோட்டாவை இயந்திரமே ஏற்றிக்கொள்ளும். இதற்குத் தனி மோட்டார் இல்லை. வெடிப்பின் எதிர்விசையையே வேலைக்காரனாக்கிக்கொள்கிறது. நிகழ்வுகளின் வரிசை இது:

1. கைப்பிடிக்குள் இருக்கும் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. கீழிருந்து ஒரு ஸ்பிரிங் அவற்றை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும்.

2. மேலே உள்ள ஸ்லைடு என்னும் நகரும் பாகம் முன்னே வரும்போது, மேகசினின் மேல் தோட்டாவை உருவிக் குழலின் பின்பகுதியான சேம்பருக்குள் செலுத்தும்.

3. விசையை அழுத்தினால் ஊசி தோட்டாவின் அடியைத் தட்டும். தோட்டா வெடித்துக் குண்டு முன்னே பாயும்.

4. அதே விசை ஸ்லைடைப் பின்னே தள்ளும். ஸ்லைடில் உள்ள எக்ஸ்ட்ராக்டர் என்னும் கொக்கி காலி உறையை வெளியே இழுக்கும். எஜெக்டர் என்னும் முளையில் மோதி உறை வெளியே துள்ளும்.

5. பின்னே போன ஸ்லைடு சுத்தியலைத் தயார் நிலையில் நிறுத்தும். ரிகாயில் ஸ்பிரிங் ஸ்லைடை மீண்டும் முன்னே தள்ளும். அடுத்த தோட்டா சேம்பரில் ஏறும்.

இவ்வளவும் நாம் கண்ணிமைக்கும் முன் முடிந்துவிடும். ஐந்தாவது படியை மறக்க வேண்டாம்: ஒவ்வொரு முறையும் கடைசியில் சேம்பருக்குள் ஒரு தோட்டா தயாராக நிற்கிறது. மேகசின் வேறு, சேம்பர் வேறு.

.32 போன்ற சிறிய அளவுகளில் ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் விறைப்புமே வெடிப்பைத் தாங்கப் போதும். 9 மி.மீ., .45 போன்றவற்றில் அது போதாது. அதனால் குண்டு வெளியேறும் வரை குழலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு, பிறகு குழலின் பின்பகுதி சற்றே கீழே சாய்ந்து பிரியும்படி அமைத்தார்கள். இரண்டு அமைப்புகளுக்கும் முன்னோடிகளில் ஒருவர் ஜான் பிரௌனிங் (1855–1926) என்ற அமெரிக்கர். அண்ணன் வைத்திருந்த 1903 மாடலும், அது பயன்படுத்தும் .32 தோட்டாவும் அவர் வடிவமைத்தவையே.

பிரௌனிங்கின் புகழ்பெற்ற .45 பிஸ்டலை அமெரிக்க ராணுவம் 1911 மார்ச் மாதம் சோதித்தது. இரண்டு நாட்களில் 6000 தோட்டாக்கள். சூடானால் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டுத் தொடர்ந்து சுட்டார்கள். ஒருமுறைகூடச் சிக்கவில்லை. போட்டிக்கு வந்த சாவேஜ் கம்பெனிப் பிஸ்டல் 37 முறை கோளாறு செய்தது. மார்ச் 29-ஆம் தேதி பிரௌனிங்கின் பிஸ்டலை ராணுவம் ஏற்றுக்கொண்டது. மூன்றே நாட்களில், 1911 ஏப்ரல் 1-ஆம் தேதி, வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்து நம் சித்தூர் மாவட்டம் உருவானது. இரண்டும் ஒரே வாரத்துப் பிள்ளைகள் என்று முகாமில் நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

பிரௌனிங் தொடங்கி வைத்து, அவர் மறைவுக்குப் பின் பெல்ஜியத்தில் டியூடோனே சேவ் முடித்த 9 மி.மீ. பிஸ்டல் 1935-ல் வந்தது. 'ஹை பவர்' என்று பெயர். மேகசினில் 13 தோட்டாக்கள். இரண்டாம் உலகப் போரில் கனடாவின் டொரோண்டோ நகரில் இங்கிலிஸ் கம்பெனி அதைச் செய்தது. அந்த வழியில் வந்ததுதான் இஷாப்பூரில் செய்யப்பட்டு நம் படைகளும் போலீஸாரும் பயன்படுத்திவந்த 9 மி.மீ. 1ஏ பிஸ்டல்.

நம்பகம் எங்கே கெடுகிறது?

6000 முறை சிக்காத வடிவமைப்பு, இன்னொருவர் கையில் பத்தாவது தோட்டாவிலேயே சிக்குவது ஏன்? எங்கள் ஷாப்பில் பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டிகள் குறித்த கால ஓவர்ஹாலுக்கு வரும். ஒரே தொழிற்சாலையில் பிறந்த இரண்டு பெட்டிகளில் ஒன்று அமைதியாக ஓடும், மற்றது ஆட்டம் காட்டும். வித்தியாசம் பராமரிப்பில் இருக்கும். பிஸ்டலும் அப்படித்தான். கோளாறுகளை ஐந்து இடங்களில் தேடலாம்.

முதலாவது, மேகசின். பெரும்பாலான சிக்கல்கள் இங்கிருந்தே வருகின்றன. மேகசினின் மேல் விளிம்புகள் இரண்டும் தோட்டாவைச் சரியான கோணத்தில் பிடித்திருக்க வேண்டும். கீழே விழுந்து ஒரு விளிம்பு கொஞ்சம் வளைந்தாலும் தோட்டாவின் மூக்கு தாழ்ந்தோ உயர்ந்தோ போய்ச் சேம்பரின் வாயில் முட்டிக்கொள்ளும். துப்பாக்கி பழுது என்று நினைப்பார்கள்; மேகசினை மாற்றினால் சரியாகிவிடும். ஆகவே மேகசின்களுக்கு எண் போட்டு வைத்து, எந்த மேகசினில் கோளாறு வருகிறது என்று குறித்துக்கொள்வது நல்ல பழக்கம்.

இரண்டாவது, ஸ்பிரிங். எங்கள் ஷாப்பில் ஒவ்வொரு காயில் ஸ்பிரிங்கையும் பாரம் ஏற்றி உயரம் அளந்து, ஒத்த உயரம் உள்ளவற்றையே ஒரு போகியில் சேர்ப்போம். பிஸ்டலில் மேகசின் ஸ்பிரிங் தளர்ந்தால் தோட்டா மேலே வரும் முன் ஸ்லைடு கடந்துவிடும். ரிகாயில் ஸ்பிரிங் தளர்ந்தால் ஸ்லைடு பின்னே போய் வேகமாக மோதி, சட்டத்தையே தேய்க்கும். "நீளமாக இழுத்துவிட்டால் ஸ்பிரிங்குக்குப் பலம் வந்துவிடும்" என்று சிலர் செய்வார்கள். அது இரண்டு நாளைக்குத்தான். தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்றத்தான் வேண்டும். இன்னொன்று: ஸ்பிரிங்கை அதன் வரம்புக்குள் அழுத்தி வைப்பது அதைப் பெரிதாகக் கெடுக்காது. திரும்பத் திரும்ப அழுத்தி விடுவதுதான் உலோகத்தைக் களைக்கவைக்கும்.

மூன்றாவது, தோட்டா. .32 பிஸ்டல் தோட்டாவுக்குச் சிறு விளிம்பு உண்டு என்றேன். மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால் இரண்டும் கொக்கி போட்டதுபோல மாட்டிக்கொண்டு நகராது. .32-ல் வரக்கூடிய கோளாறு இது. தோட்டாக்களை ஈரமில்லாத இடத்தில், அவற்றுக்குரிய பெட்டியிலேயே வைக்க வேண்டும். துரு வராமல் இருக்கட்டும் என்று தோட்டாவுக்கு எண்ணெய் பூசக் கூடாது. எண்ணெய் உள்ளே கசிந்து மருந்தைச் செயலிழக்கச் செய்யலாம்.

பயிற்சித் தளத்தில் விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால், உடனே திறந்து பார்க்கக் கூடாது. இலக்கை நோக்கிப் பிடித்தபடியே அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். சில தோட்டா தாமதித்து வெடிக்கும். வழக்கமான சத்தம் இல்லாமல் 'புஸ்' என்று மட்டும் கேட்டால் நிறுத்திவிட வேண்டும். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

நான்காவது, எக்ஸ்ட்ராக்டரும் சேம்பரும். கொக்கியின் அடியில் கரியும் பித்தளைத் துகளும் சேர்ந்தால் அது உறையைச் சரியாகப் பிடிக்காது. சேம்பரில் துரு இருந்தால் உறை ஒட்டிக்கொள்ளும். சுட்ட பிறகு குழலைச் சேம்பர் பக்கமிருந்து பிரஷ் போட்டுத் துடைத்து, உலர்ந்த துணியால் முடித்து, மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் விடுவது முறை.

ஐந்தாவது, எண்ணெய். ஆக்ஸில் பேரிங்கில் கிரீஸ் குறைந்தாலும் ஹாட் ஆக்ஸில், அளவுக்கு மீறி அடைத்தாலும் ஹாட் ஆக்ஸில் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். பிஸ்டலில் ஸ்லைடு ஓடும் காடிகளிலும், குழலும் ஸ்லைடும் உரசும் இடங்களிலும் ஒவ்வொரு சொட்டுப் போதும். அதிலும் துப்பாக்கிக்குரிய மினரல் எண்ணெய்தான் வேண்டும். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் எதுவும் ஆகாது. தாவர எண்ணெய்கள் காற்றுப் பட்டுப் பட்டு இறுகிப் பிசினாகிவிடும். அடுப்படியில் எண்ணெய்ப் பாத்திரத்தின் வெளிப்புறம் பிசுபிசுப்பாகி, நாளடைவில் அரக்குப் போல ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். மேலே பளபளப்பு, உள்ளே பசை. சந்தனத்தின் ஈரமும் குங்குமப் பொடியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

வரிசை மாறினால்

இனி இந்தப் பாடத்தின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பிஸ்டலைக் காலி செய்வது எப்படி?

முகாமில் எனக்குக் கிடைத்த தண்டனையைச் சொல்கிறேன். "காலி செய்து காட்டு" என்றார் பயிற்சி ஹவில்தார். திருநெல்வேலிக்காரர். நான் ஸ்லைடை இழுத்தேன். உள்ளே இருந்த பயிற்சித் தோட்டா வெளியே விழுந்தது. ஸ்லைடை விட்டேன். பிறகு மேகசினை எடுத்து மேசையில் வைத்து, "காலி" என்றேன். அவர் பிஸ்டலை வாங்கி ஸ்லைடை மறுபடி இழுத்தார். இன்னொரு தோட்டா என் காலடியில் விழுந்தது.

நான் ஸ்லைடை விட்டபோது மேகசின் உள்ளேதான் இருந்தது. ஸ்லைடு தன் வேலையைச் சரியாகச் செய்து அடுத்த தோட்டாவைச் சேம்பரில் ஏற்றிவிட்டது. அதன்பின் நான் மேகசினை எடுத்ததில் பயனில்லை.

"சார், டிப்ளமோ படிச்சிருக்கீங்க" என்றார் அவர். "முதல்ல சோறு ஊட்டுற கையை எடுங்க. அப்புறம் வாயைத் திறந்து பாருங்க." தலைக்கு மேலே ரைபிளைத் தூக்கிக்கொண்டு மைதானத்தை மூன்று சுற்று ஓடினேன். அந்த வரிசை இன்றுவரை மறக்கவில்லை:

முனை ஆளில்லாத பக்கம். விரல் விசைக்கு வெளியே. முதலில் மேகசினை எடு. பிறகு ஸ்லைடை இழுத்துப் பிடி. சேம்பரைக் கண்ணால் பார். இருட்டாக இருந்தால் சுண்டுவிரலால் தொட்டுப் பார். உன்னிடம் வாங்குகிற அடுத்தவரும் இதையே செய்ய வேண்டும். அதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

மேகசின் இல்லாவிட்டால் சுடாதபடி தடுக்கும் அமைப்புச் சில பிஸ்டல்களில் உண்டு. ஹை பவரில் உண்டு. 1903 மாடலின் பழைய தயாரிப்புகளில் இல்லை. எனவே அதை நம்பி இருக்கக் கூடாது. லைசென்ஸும் பயிற்சியும் இல்லாதவர்களுக்கு விதி இன்னும் எளிது: தொடக் கூடாது. சாத்தியிருக்கும் அறையும் ஒரு தொலைபேசி அழைப்பும் போதும்.

சித்தூரில் அன்று மாலை

"அண்ணி, இப்ப இதுக்கு லைசென்ஸ் யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டேன்.

அண்ணி மகனைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தார். "அப்பா பேர்லதான் சித்தப்பா. அது ஞாபகத்துக்குன்னு வச்சிருக்கோம். யாரும் பயன்படுத்தறதில்லையே."

காவல் நிலையத்துக்குத் தகவல் சொன்னோம். ஆயுதப் பிரிவைச் சேர்ந்த ஒரு தலைமைக் காவலர் வந்தார். பிஸ்டலை முனை சுவரைப் பார்க்க எடுத்து, சேஃப்டி நெம்புகோலை நகர்த்த முயன்றார். அது அசையவில்லை. அந்த மாடலில் சேஃப்டி போட்டிருக்கும்போது ஸ்லைடும் பூட்டிக்கொள்ளும். ஒன்பது ஆண்டு நல்லெண்ணெய் இறுகி நெம்புகோலைச் சட்டத்தோடு ஒட்டவைத்திருந்தது. வெள்ளைத் துணியில் சுற்றி நிலையத்துக்கு எடுத்துப்போய், மண் நிரப்பிய தொட்டியை நோக்கிப் பிடித்து, கெரசின் விட்டு ஊறவைத்துத்தான் நகர்த்த முடிந்தது. மேகசின் அண்ணி சொன்னபடி பீரோவிலிருந்து வந்து மேசை மேல் தனியாக இருந்தது. காவலர் ஸ்லைடைப் பின்னே இழுத்தார்.

பச்சை படிந்த ஒரு தோட்டா துள்ளி மேசையில் உருண்டது.

"அம்மா, இதி காளீ காதம்மா" என்றார் அவர். இது காலி இல்லையம்மா.

என்றோ ஓர் இரவு, மண்டியில் பணம் இருந்த நாளில், அண்ணன் சேம்பரில் தோட்டாவை ஏற்றிச் சேஃப்டியைப் போட்டிருக்கிறார். பிறகு மேகசினை மட்டும் உருவிப் பீரோவில் வைத்திருக்கிறார். நோயில் விழுந்தார்; சொல்லாமலேயே போய்விட்டார். அந்தத் தோட்டா ஒன்பது ஆயுத பூஜைகளுக்குச் சந்தனம் பூசிக்கொண்டு பிள்ளைகள் மத்தியில் இருந்தது.

திரும்பும்போது காரில் பையன் என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "நான் டிரிகரை அழுத்திப் பார்த்தேன் தாத்தா. ரொம்ப டைட்டா இருந்துச்சு. பக்கத்துல இருந்த பட்டனையும் தள்ளினேன். அதுவும் நகரல."

எனக்குப் பதில் வரவில்லை. எந்த எண்ணெய் அந்த இயந்திரத்தைக் கெடுத்ததோ அதுவே அன்று ஒரு குழந்தையைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் கோளாறை நம்பி ஒரு குடும்பம் இருக்க முடியாது. ஒன்பது ஆண்டுகளாகப் பளபளப்பை மட்டும் பாராட்டிவிட்டு வந்தவன் நான். "சேம்பரைப் பார்த்தீர்களா?", "லைசென்ஸ் யார் பெயரில்?" என்ற இரண்டு கேள்விகளை, கேட்கத் தெரிந்தவனாகிய நான் ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும்.

வெளியூரில் வாழும் நாம் அறிய வேண்டியவை

நம் குடும்பங்கள் பல மாநிலங்களில் சிதறி வாழ்கின்றன. ஊரில் தாத்தாவோ மாமனாரோ வைத்திருந்த துப்பாக்கி யார் கண்ணிலும் படாமல் பரணில் இருக்கலாம். எனவே சில செய்திகள்:

லைசென்ஸ் என்பது ஆளுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. லைசென்ஸ்தாரர் இறந்தால் அது குடும்பச் சொத்தைப் போலத் தானாகப் பிள்ளைக்கு வராது. ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, வைத்திருக்கும் உரிமை இல்லாமற்போன ஆயுதத்தைத் தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். அதன் பிறகு வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். வேண்டாமென்றால் உரியவர்களுக்கு விற்கலாம். தோட்டாக்களுக்கும் இதே விதிதான்.

2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, முன்பு மூன்று. லைசென்ஸின் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாகியிருக்கிறது. வேறு மாவட்டத்துக்கோ மாநிலத்துக்கோ குடிபெயர்ந்தால் இரண்டு இடத்து அதிகாரிகளுக்கும் தெரிவிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டதால், பழைய சித்தூர் மாவட்ட லைசென்ஸ் வைத்திருக்கும் அன்பர்கள் தங்கள் ஊர் இப்போது எந்த ஆட்சியர் அலுவலகத்தின் கீழ் வருகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

துப்பாக்கி சுடுவதில் ஆர்வமுள்ள பிள்ளைகளைத் தடுக்க வேண்டியதில்லை. என்.சி.சி.யும் முறையான பயிற்சியாளர் உள்ள ஏர் பிஸ்டல் கிளப்பும் இருக்கின்றன. அங்கே முதலில் கற்றுத்தருவது சுடுவதை அல்ல, மேலே சொன்ன வரிசையைத்தான்.

அண்ணி வீட்டார் தாமதத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுத்துப் பிஸ்டலை ஒப்படைத்துவிட்டார்கள். மகன் தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்கவில்லை. அந்த ரசீதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பூஜை அலமாரியில், பிஸ்டல் இருந்த இடத்தில் அண்ணி வைத்திருக்கிறார். இந்த ஆயுத பூஜைக்கு அதற்குத்தான் சந்தனம் குங்குமம்.

இதைப் படிக்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது, வீட்டில் பழைய துப்பாக்கி ஏதேனும் இருக்கிறதா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். இருந்தால், "காலிதான்" என்ற பதிலோடு பேச்சை முடித்துவிடாதீர்கள்.